சும்மா ஒரு சைக்கிள் ஓட்டம்

வன்னியில் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வீட்டுக்குக் கதவு இல்லாத காலத்திலும் வாசலில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் வராது நின்றபோது நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில்தான் போயின. பற்றரி கிடைக்காத அந்நாட்களில் சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2009இல் கடைசியாகக் கைவிட்டு வந்த பொருட்களிலும் சைக்கிள் இருந்தது. முள்ளிவாய்க்கால் பக்கத்தில் அவை குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. மீளக்குடியமர்ந்த பின் முதலில் தேடிய பொருட்களிலும் அதுவே இருந்தது. இந்திய அரசு வடக்கில் மீளக்குடியமர்ந்தோருக்கென 10,000 சைக்கிள்களை வழங்கியது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த உத்தியோகத்தர்கள் சைக்கிளுக்குத் திரும்பியபோது எமது பெண்களுக்கு அதில் புதுமை எதுவும் இருக்கவில்லை. அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கியதே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா சகோதரிகளே? விடியற்காலையில் பால்கொண்டு போகும் பெண், பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவரும் பெண், கடன் கட்டும் கூட்டத்துக்கு நேரம் பிந்திவிட்டதென்று மூச்சு வாங்க மிதிக்கும் பெண், எல்லோரையும் தெருவில் காண்கிறோம். எந்த வேலையும் இல்லாமல், காற்று முகத்தில் படட்டும் என்பதற்காகச் சைக்கிள் ஓடும் பெண்ணைக் காண்பதில்லை. வாழ்வாதார உதவிக்கான படிவங்களை நான் எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். "சைக்கிள் எதற்குத் தேவை?" என்ற கேள்வி அதில் இருக்கும். தொழில், பிள்ளையின் படிப்பு, வைத்தியசாலை என்று எழுதுவோம். அந்த இடத்தில் வேறொரு பதிலை எழுத எவருக்கும் தோன்றியதில்லை.

என் வேலை பெரும்பாலும் இரணைமடுக் குளத்து வாய்க்கால்களை அண்டிய கிராமங்களில்தான். 1902இல் வேலை தொடங்கி, பின்னர் பல கட்டங்களாகப் பெருப்பிக்கப்பட்ட குளம் அது. அதன் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொண்டு போகின்றன. வாய்க்காலோடு கூடவே கட்டும் போகிறது. சிவப்புக் கிறவல் போட்ட அந்தக் கட்டில் சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும், அங்கே ஏற்றம் இறக்கம் கிடையாது. தண்ணீர் நிதானமாக ஓடவேண்டும் என்பதற்காக வாய்க்காலை மிகச் சிறிய சரிவில் வெட்டுகிறார்கள். ஆகவே அதன் கட்டும் ஏறக்குறைய மட்டமாகவே போகும். ஒரு பக்கம் மருதமும் மறுபக்கம் வயலுமாக இருக்கும் இடங்களில், காலபோக நெல் பச்சை பிடிக்கும் மார்கழி, தை மாதங்களில், எந்த ஊரிலும் இல்லாத அழகு அங்கே இருக்கிறது. அதை ஆறுதலாகப் பார்த்தவர்கள்தான் குறைவு.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உறுப்பினர் ஒருவர் பிரான்சில் இருக்கும் தங்கை அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் காட்டினார். தலைக்கவசம் போட்டு, அகலமான ரயர் பூட்டிய கியர் சைக்கிளோடு ஒரு கால்வாய்க் கரையில் நின்றார் அந்தத் தங்கை. "எங்கை போறா?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். "சும்மா போனவவாம்" என்றார் அக்கா. கூட்டத்தில் பெரிய சிரிப்பு. "சும்மா போறதுக்கோ சைக்கிள் வாங்கினவ?"

அந்தப் படத்தில் இருந்த கால்வாயின் பெயர் ஊர்க். கேட்டால் எங்கள் ஊர்க் கால்வாய் போலவே இருக்கிறது, வேலையும் அப்படித்தான். பாரிஸ் நகருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரவென நெப்போலியன் 1802இல் வெட்டக் கட்டளையிட்டது அது. நூறு கிலோமீற்றரளவு நீளம். பாரிசுக்கு வெளியே பொபினி, பொண்டி, செவ்ரான் என்று எம்மவர்களுக்குப் பழக்கமான புறநகர்களினூடாக வந்து, பிறகு கிராமங்களுக்குள் போகிறது. அதன் கரையில் சைக்கிளுக்கென்றே பாதை இருக்கிறது. சுத்திகரிப்பு வேலைக்கும் உணவகத்துக்கும் ஓடிக் களைத்த எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிடும் இடமாக அது இருப்பதில் வியப்பில்லை.

பிரான்சின் தெற்கில் இதைவிடப் பழைய கால்வாய் ஒன்று உண்டு. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கி 240 கிலோமீற்றர் போகும் மிடி கால்வாய். 1666இல் தொடங்கி 1681இல் வெட்டி முடித்தார்கள். அதில் மண் சுமந்தவர்களில் பெண்கள் பெருந்தொகையாக இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்தபோது, வாய்க்கால் துப்புரவாக்கும் சிரமதானத்தில் மண்வெட்டியோடு நிற்கும் எங்கள் பெண்கள்தான் எனக்கு நினைவில் வந்தார்கள். அக்காலத்தில் படகுகளைக் குதிரைகள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்துச் சென்றன. குதிரை நடந்த வழியில் இன்று சைக்கிள்கள் போகின்றன. வேலைக்காகப் போட்ட பாதைதான், பின்னர் உலாப்போகும் பாதையாகவும் ஆனது.

எமது வாய்க்கால் கட்டும் வேலைக்காகப் போட்டதுதான். அதில் நாங்கள் உலாப் போவதைத் தடுப்பது என்ன? தூரமோ, கிறவலோ, பழைய சைக்கிளோ அல்ல. அன்று சிரித்தவர்களில் ஒருவர், கணவர் காணாமல் ஆக்கப்பட்டு இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர், கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் சொன்னார்: "மிஸ், வேலைக்குப் போனால் பாவம் எண்டுவினம். சும்மா போனால் வேறை சொல்லுவினம்."

இதைவிடத் தெளிவாக எந்தச் சமூகவியல் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. துணையை இழந்த பெண் உழைப்பதைச் சமூகம் ஏற்றுக்கொள்கிறது, இரங்கவும் செய்கிறது. ஆனால் அவள் மகிழ்வாக இருப்பதற்குக் கணக்குக் கேட்கிறது. "எங்கை போறாய்?" என்ற கேள்வியில் அக்கறையும் உண்டு, காவலும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய எமக்குத் தெரியும். கேட்பவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்புகளோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் அதற்கு முன்னின்றார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்பாரில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தொடக்கத்தில் கேலிப் பேச்சு நிறையவே வந்தது. ஒருத்தி போனால் பேச்சு, ஊரே போனால் வழக்கம். பேசியவர்கள் களைத்துப்போனார்கள், ஓடியவர்கள் களைக்கவில்லை.

இனி, ஓட விரும்புவோருக்குச் சில விடயங்கள்.

நாற்பது வயதில் பழகமுடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். சீற்றை நன்றாகப் பதித்து, இரண்டு காலும் நிலத்தில் முட்ட இருந்து, பெடலைத் தொடாமல் காலால் உந்தி உந்திப் போய்ப் பாருங்கள். சமநிலை வந்த பிறகு பெடல். செயற்கைக் கால் பொருத்தியவர்கள் ஓடுவதையும் நான் கண்டிருக்கிறேன், அவர்களுக்கும் சீற் பதிவாக இருப்பதே நல்லது. நன்கு பழகியவர்கள் சீற்றைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நிற்கும் உயரமே அளவு. பலருக்கு முழங்கால் நோவதற்குச் சீற் பதிந்திருப்பதும் ஒரு காரணம். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், நெஞ்சு நோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கிறவலில் முன்பிறேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் சில்லு வழுக்கும். பின்பிறேக்கை முதலில் பிடியுங்கள். ரயருக்குக் கல்லுப்போலக் காற்று அடிக்கத் தேவையில்லை, கொஞ்சம் குறைவாக இருந்தால் குலுக்கம் குறையும். பெடியங்கள் ஓடும் மவுண்டன் சைக்கிளின் அகன்ற ரயருக்கும் அதுதான் காரணம். அமெரிக்காவில் கலிபோர்னியா மலைப்பாதைகளில் இளைஞர்கள் 1970களில் பழைய, பாரமான, அகலச்சில்லுச் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்ததிலிருந்து வந்த வகை அது. அதற்காகப் புதிது வாங்கவேண்டாம், வீட்டில் நிற்கும் லுமாலா போதும். சாலையும் சேலைத் தலைப்பையும் இடுப்பில் முடியுங்கள். செயின் கவர் கழன்றிருந்தால் முதலில் அதைப் பூட்டுங்கள்.

துருசு திறந்திருக்கும் நாட்களில் வாய்க்கால் விளிம்போடு போகாதீர்கள். கொங்கிறீற் போட்ட இடங்களில் விழுந்தால் பாசி வழுக்கும், ஏறுவது கடினம். டிசம்பர் 2018 வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு மாரியில் கட்டுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற காட்டோரப் பகுதிகளில் பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள், யானை நேரம் பார்த்து வருவதில்லை. ஆள் நடமாட்டமுள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட இடமாக இருந்தாலும் வேண்டாம்.

தனியே போகாமல் மூன்று நான்கு பேராகத் தொடங்குங்கள். இடதுகரை வாய்க்கால் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்து பேர் ஞாயிறு பின்னேரம் நாலரை மணிக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். முதல்முறை நானும் கூடப் போனேன். ஒருவருக்கு ஓடத் தெரியாததால் கரியரில் ஏறி வந்தார். துருசடியில் இருந்து கச்சான் சாப்பிட்டோம். சமையல் பற்றியோ கடன் பற்றியோ யாரும் கதைக்கவில்லை, தண்ணீரில் மீன் துள்ளுவதைப் பற்றித்தான் கதை. திரும்பும்போது வயலில் நின்ற பெரியவர் ஒருவர், "எங்கை பிள்ளையள் போட்டு வாறியள்?" என்று கேட்டார். எல்லோரிலும் மூத்த அக்கா, "வாய்க்காலிலை தண்ணி வருதோ எண்டு பாக்கப் போனனாங்கள் ஐயா" என்றார். கண்ணுக்கு முன்னாலேயே வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "ஓம் ஓம், வருது" என்றார். வீட்டுப் படலை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஒரு சைக்கிளின் பின்சில்லுக்குக் காற்று நிற்கவில்லை. ரியூப்பில் இரண்டு ஒட்டு இருக்கிறது, மூன்றாவதும் தேவைப்படும் போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு பம் நான் கொண்டுபோகிறேன், சொலூசன் அவர்கள் வாங்குவார்கள்.