கெட்டியாக இருந்தால் நல்ல பெயிண்டா?

தில்லி மோதி பாக்கின் பழைய அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்த தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தால் பாதிச் சுவர் சட்டைக்கு வந்துவிடும். இத்தனைக்கும் மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிமுறையில் கோந்து உண்டு. ஒரு கன மீட்டர் சுண்ணாம்புக் குழம்புக்கு 4 கிலோ, வெந்நீரில் கரைத்தது. ஏட்டில் இருந்த கோந்து வாளிக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை.

இன்றைய எமல்ஷன் பெயிண்டில் வேலைகள் பிரிந்துவிட்டன. சுவரைப் பிடிப்பது பிசின்; மறைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு; கெட்டியாக்குவதற்கென்று தனிச் சரக்கு. அது பெரும்பாலும் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. டப்பாவில் குச்சியை விட்டுத் தூக்கி, "நல்ல திக்" என்று திருப்திப்படுகிறவர் பார்ப்பது அந்தத் துளியைத்தான்.

அதைத் தேர்ந்தெடுப்பது தயாரிப்பாளருக்குத் தலைவலி. மாதக்கணக்கில் கிடந்தாலும் நிறமி அடியில் மண்டக்கூடாது. பிரஷ் இழுக்கும்போது இளக வேண்டும். சுவரில் ஏறியதும் வழியவும் கூடாது, பிரஷ் கோடுகள் சமனாக அவகாசமும் வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று பகை.

செல்லுலோஸ் வகை வழியாமல் நிற்கும். ஆனால் ரோலரில் தெறிக்கும், கோடும் தங்கும். தாவரச் சரக்கு என்பதால் கிருமிகளுக்கும் பிடிக்கும். பாதுகாப்பு மருந்து போதாவிட்டால் தில்லியின் மே மாத வெயிலில் கிடக்கும் டப்பா நீர்த்துப்போய், திறந்ததும் நாறும். கட்ச், பார்மர் பகுதிகளில் கிடைக்கும் பெண்டோனைட் களிமண் நிறமி மண்டாமல் காக்கும்; பளபளப்பைக் குறைத்துவிடும். பாலியூரிதேன் வகை சமமாகப் பரவும். விலை அதிகம், கடையில் மெஷின் வண்ணச் சாயத்தைச் சேர்த்ததும் தளர்ந்துபோகிற குணமும் உண்டு. அதனால் இரண்டு மூன்றைக் கலந்து போடுவது வழக்கம்.

மட்டமான சரக்கில் நடப்பது வேறு. விலை உயர்ந்த பிசினையும் வெள்ளை நிறமியையும் குறைத்து, சுண்ணாம்புக்கல் தூளைக் கூட்டி, மிச்சத்தைக் கெட்டிச் சரக்கால் சரிக்கட்டுவார்கள். குழம்பு கெட்டியாக இருப்பதால் பெயிண்டரும் தயங்காமல் தண்ணீர் ஊற்றுவார். இரண்டாவது கோட்டிலும் பழைய கறை எட்டிப்பார்க்கும்.

வாங்குகிறவர் சோதிக்க வழி இருக்கிறது. வழவழப்பான காலண்டர் அட்டையில் கறுப்பு மையால் பட்டையாகக் கோடு போட்டு உலரவிட்டு, டப்பாவில் அச்சிட்ட அளவுக்கு மட்டும் தண்ணீர் சேர்த்த பெயிண்டை இரண்டு கோட் அடிக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகும் கறுப்பு தெளிவாகத் தெரிந்தால், வேறு டப்பாவைப் பார்ப்பதே மேல்.