டைல்ஸை எண்ணாதீங்க, ஆளை எண்ணுங்க!

ஒரு பைக் வாங்குவதற்கு மைலேஜ் என்ன, சர்வீஸ் எங்கே, ரீசேல் எவ்வளவு என்று பத்து பேரைக் கேட்கிற சமூகம் இது. பெற்றவர்களை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது மட்டும் கேள்வி கேட்பதையே மறந்துவிடுகிறது. காலை பத்து மணிக்கு ஒரு விசிட். வாசலில் கோலம், ரிசப்ஷனில் காபி. சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்த மகன் ரூமையும் தோட்டத்தையும் பிள்ளையார் கோயிலையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புவார். "சூப்பரா இருக்கு, ஓகே சொல்லிடலாம்". முடிந்தது தர ஆய்வு!

இப்போது இதற்கு முதியோர் இல்லம் என்று பெயர் இல்லை. சீனியர் லிவிங், ரிடையர்மென்ட் கம்யூனிட்டி என்று சொல்ல வேண்டுமாம். பெயர் மாறட்டும், தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் இருப்பது என்ன? கட்டடம், கட்டடம், மறுபடியும் கட்டடம்.

கட்டடம் நன்றாக இருந்தால் முதுமையும் நன்றாக இருக்கும் என்பது உண்மையானால், உலகத்திலேயே நிம்மதியான கிழவர்கள் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும்தான் இருக்க வேண்டும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்... இதைவிட நல்ல கட்டடம் எந்த பில்டரால் கட்ட முடியும்? ஆனால் எழுபத்தைந்து வயது அப்பத்தாவின் கண்ணால் அதே வீட்டைப் பாருங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு உயரமான படி. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. மழை பெய்தால் முற்றத்தைச் சுற்றி வழுக்கும் தரை. பிடித்துக்கொள்ள இடமே இல்லாத வழவழப்பான சுவர். இடுப்பெலும்பு முறிய இதைவிட வசதியான இடம் உண்டா?

அப்படியானால் அந்த வீடுகளில் வயதானவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? ஆள் இருந்தது. கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். கூரை ஒன்று, அடுப்பும் செலவுக் கணக்கும் தனித்தனி. பெரியவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம், கூப்பிட்டால் ஓடிவர பத்து பேரும் இருப்பார்கள். இன்று புரோஷரில் 'இண்டிபெண்டன்ட் லிவிங் வித் அசிஸ்டன்ஸ்' என்று போட்டிருப்பது இதுதானே! பிறகு மக்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். தூண்கள் நின்றன, கூப்பிட்டால் வர ஆள் இல்லை. அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று கண்ணீர் விடவும் வேண்டாம். அந்தக் கவனிப்பு மருமகள்களின் சம்பளமில்லாத உழைப்பில் நடந்தது. இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று உபதேசிப்பவர்கள் அந்த மருமகள்களிடம் முதலில் பேசிவிட்டு வரட்டும். இல்லம் தேவைதான். எந்த இல்லம் என்பதுதான் கேள்வி.

மருத்துவத் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-ல் அவேடிஸ் டொனபீடியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். என்ன வசதி இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் நோயாளிக்கு என்ன ஆனது. புரோஷர் காட்டுவது முதல் விஷயத்தை மட்டும், அதிலும் போட்டோவில் விழுகிற பாதியை மட்டும்.

போட்டோவில் விழாதது ஆட்கணக்கு. பி.காம். முதல் வருடக் கணக்கே போதும், போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு 30 பேர் தங்கும் ஒரு இல்லம். மாதம் தலைக்கு 15,000 ரூபாய் கட்டணம். "ஐந்து பேருக்கு ஒரு உதவியாளர், 24 மணி நேரமும்" என்று விளம்பரம். அதாவது எந்த நேரமும் 6 பேர் டியூட்டியில் இருக்க வேண்டும். ஒரு இடத்துக்கு வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் வாரம் 6 ஷிப்ட் பார்த்தால் மூன்றரை ஆள் தேவை. லீவு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் 4. ஆக 24 பேர். தலைக்கு வெறும் 12,000 சம்பளம் என்றாலும் 2,88,000 ரூபாய். சாப்பாடு நாளைக்கு 150 ரூபாய் வீதம் 1,35,000. வரவு 4,50,000. மிச்சம் 27,000! இதில் சமையல்காரர், நர்ஸ், டாக்டர், கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல், லாபம் எல்லாம் வர வேண்டும். வருமா? வராது. ஒன்று விளம்பரம் பொய், இல்லை சாப்பாட்டில் கை வைக்கிறார்கள், இல்லை ஒரே ஆள் பகலும் ராத்திரியும் சேர்த்துப் பார்க்கிறார். கால்குலேட்டரைத் தட்டினாலே தெரிகிற விஷயம் இது.

"ஸ்டார் ரேட்டிங் வந்தால் சரியாகிவிடும்" என்பார்கள். அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கு 2008-லிருந்தே ஐந்து ஸ்டார் ரேட்டிங் உண்டு. ஊழியர் எண்ணிக்கையை அந்தந்த இல்லமே எழுதிக் கொடுத்து வந்தது. 2016-ல் சம்பளப் பட்டியலை அனுப்பச் சொன்னார்கள். 2018-ல் பத்திரிகைகள் அந்தப் பட்டியலைப் புரட்டியபோது, சொன்ன ஆளைவிட இருந்த ஆள் குறைவு என்று தெரிந்தது. வார இறுதியில் இன்னும் குறைவு. சொல்வதை நம்பினால் ஸ்டார், சம்பளப் பட்டியலைப் பார்த்தால் உண்மை. இங்கிலாந்தில் கேர் குவாலிட்டி கமிஷன் ஆய்வு செய்து எழுதும் அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கே எல்லா இல்லங்களுக்கும் கட்டாயமான அப்படி ஒரு ரேட்டிங்கே கிடையாது.

சட்டம்? 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் அளவுக்கு, மாநில அரசு அமைக்க'லாம்' என்கிறது. 'லாம்'! காசு கொடுத்துச் சேரும் இல்லங்களுக்காக 2019-ல் மத்திய அரசு மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது அதில் ஒரு நல்ல அம்சம். பில்டர் விற்றுவிட்டுப் போய்விடுவார், சாப்பாடு போடுகிற கம்பெனி மாறிவிடும், நடுவில் மாட்டுவது பெரியவர்தான் என்பதால். ஆனால் அது மாதிரிதான், மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்த்த முதியவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று அதுவரை எண்ணியது யார்?

அரசு எண்ணும் வரை, சேர்க்கிறவர்கள்தான் எண்ண வேண்டும். விசிட் போகும்போது இதையெல்லாம் கேட்கலாம்:

1. ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? போன மாத டியூட்டி சார்ட்டைக் காட்ட முடியுமா?

2. போன வருடம் எத்தனை ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள்? மாதம் ஒரு புது முகம் வரும் இடத்தில், மறதி நோய் உள்ளவருக்குத் தினமும் அந்நியர்தான் குளிப்பாட்டுவார்.

3. கீழே விழுந்தவர்களின் பதிவேடு எங்கே? "எங்க இல்லத்தில் யாருமே விழுந்ததில்லை" என்றால் பயப்பட வேண்டும். விழாத கிழவர்கள் இல்லை, எழுதாத இல்லங்கள் உண்டு.

4. மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா? மெனு கார்டு பொய் சொல்லும், எடை மெஷின் சொல்லாது. படுக்கைப்புண் இங்கே வந்தது எத்தனை பேருக்கு?

5. டெபாசிட் எந்தக் கணக்கில் இருக்கிறது, எத்தனை நாளில் திரும்ப வரும்? படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வார்களா, "கூட்டிட்டுப் போங்க" என்பார்களா? ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது?

6. மேனேஜர் பக்கத்தில் இல்லாமல் அங்கே இருப்பவர்களிடம் பத்து நிமிடம் பேச விடுவார்களா? அந்த ஐயா நினைத்த நேரத்துக்கு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வர முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இல்லத்தில் எத்தனை ஸ்டார் இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம். நல்ல இல்லம் நடத்துபவர் சந்தோஷமாகப் பதிவேட்டை எடுத்துப் போடுவார். அவர்களுக்கும் இதுவரை யாரும் கேட்டதில்லை என்ற குறை இருக்கும்.

இது செட்டிநாட்டுக்குத் தெரியாத வித்தையா? பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து, கடல் தாண்டி ஏஜெண்டை உட்கார வைத்த ஊர். ஏஜெண்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பேரேடும் ஐந்தொகையும் பார்க்காமல் கணக்கு முடித்ததில்லை. காசுக்கு அவ்வளவு கேட்டவர்கள், அப்பத்தாவை ஒப்படைக்கிற இடத்தில் புரோஷரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்ன நியாயம்?