சோழன் காசில் புலி எங்கே?

பூந்தமல்லிப் பக்கம் மேடை போட்டால், "நாணயத்தைப் பாருங்கள், ராஜேந்திர சோழன் இப்படித்தான் இருந்தான்!" என்று ஒருவராவது முழங்காமல் இறங்குவதில்லை. 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் வெளியிட்ட நினைவு நாணயத்தைத்தான் சொல்கிறார்கள். குதிரைமேல் மன்னன், பின்னால் கப்பல். மன்னன் உருவத்தைப் பொறிப்பதுதான் அவனுக்கு மரியாதையாம். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இப்படித்தான் இருந்தான் என்று யார் கண்டது? ராஜேந்திரனின் முகம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல அவன் காலத்துச் சான்று ஒன்றுகூடக் கிடையாது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசுவரர் சிற்பத்தைக் காட்டுவார்கள். சிவபெருமான் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பம் அது. அதில் ராஜேந்திரனைப் பார்ப்பது ஊகம். சேரன் மாக்கோதையின் காசில் தலை இருக்கிறதே என்பார்கள். ரோமானியக் காசின் சாயலில் அடித்த சங்ககாலக் காசு சோழனுக்கு எப்படிச் சாட்சியாகும்?

கப்பலுக்கு வருவோம். 1025 வாக்கில் கடாரத்துக்குக் கடற்படை போனது உண்மை. அவன் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. ஆனால் அந்தக் கலம் எப்படி இருந்தது என்று காட்டும் சோழர் காலச் சித்திரம் எது? காசில் கப்பல் பொறித்தவர்கள் சாதவாகனரும் பல்லவரும்.

ராஜேந்திரன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினான் என்பதற்கு அவனே சாட்சி வைத்துப் போயிருக்கிறான். எங்கள் ஊர் பாரிவாக்கம் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-இல் அவனுடைய செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் மன்னன் உருவம் இல்லை. புலி உட்கார்ந்திருக்கிறது, கூடவே பாண்டியனின் இரட்டைக் கயல், சேரனின் வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். கங்கைகொண்ட சோழன் என்று நாகரி எழுத்தில் பொறித்த காசிலும் அதே புலி, அதே கயல், அதே வில். மூன்று நாடும் ஒரு குடைக்கீழ் என்ற ஓர் அரசியல் வாக்கியத்தையே கட்டைவிரல் அகல உலோகத்தில் எழுதிவிட்டான். இதைவிடக் கம்பீரமான சின்னம் வேண்டுமா? கையில் இருந்ததை விட்டுவிட்டு, ஐரோப்பிய அரசர்களின் பதக்கம்போல ஆளையும் குதிரையையும் வரைந்திருக்கிறார்கள்.

நாணயம் அடித்தால் மக்களிடம் போய்ச் சேருமாம். இந்த 1000 ரூபாய் நாணயம் புழக்கத்துக்கே வராது, சேகரிப்பாளர் பெட்டிக்குத்தான் போகும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 2010-இல் வந்த 5 ரூபாய்க் காசாவது மளிகைக்கடைச் சில்லறையில் கைக்கு வந்தது.

மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தத் திருவாலங்காட்டு முத்திரையைப் பார்க்கட்டும். அடுத்த முறை சோழனுக்குக் காசு அடிக்கும்போது அதையே அச்சாக எடுங்கள்.