குளிர்சாதனம் வாங்கியாயிற்று, எண்ணை யார் வைப்பது?

குளிர்சாதனத்தைச் சுவரில் பொருத்த வருபவர், வேலை முடிந்ததும் தவறாமல் ஒன்றைச் செய்வார். ரிமோட்டை எடுத்து வெப்பநிலையை 16க்கோ 18க்கோ இறக்கிவிட்டு, காற்று வரும் இடத்தில் கையை நீட்டிப் பார்க்கச் சொல்வார். குளிர் முகத்தில் அறையும். வீட்டார் திருப்தியுடன் தலையசைப்பார்கள். உத்தரவாத அட்டையில் கையொப்பமிட்டு, ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு அவர் போய்விடுவார். அவர் வைத்த எண் மட்டும் போகாது. பெரும்பாலான ரிமோட்டுகள் கடைசியாக வைத்த எண்ணையே நினைவில் வைத்திருக்கும். நாக்பூரில் எங்கள் படுக்கையறையில் அந்த 18 இரண்டு கோடைகள் அசையாமல் நின்றது.

அந்த இரண்டு கோடைகளிலும் நாங்கள் கனத்த போர்வைக்குள் சுருண்டு உறங்கினோம். வெளியே 45 டிகிரி எரிக்கும் ஊரில், மே மாத இரவில் கம்பளி. இதில் ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோன்ற வைத்தவர் என் தாயார். எண்பதை நெருங்கும் அவருடைய அறையிலும் ஒரு குளிர்சாதனம் உண்டு. ஒருநாள் மதியம் எதிர்பாராமல் வீடு திரும்பியபோது, அவர் ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மின்விசிறியின் கீழே அமர்ந்திருந்தார். குளிர்சாதனத்தின் சுவிட்ச் அணைந்திருந்தது. காரணம் கேட்டேன். "கரண்ட் பில்லைப் பார்த்தேன்டா. எனக்கு ஃபேன் போதும்" என்றார்.

எங்கள் போர்வைக்கான விலையை அவர் வெயிலில் கட்டிக்கொண்டிருந்தார். இது மிகைப்படுத்தல் அன்று. காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உடலைக் குளிர்விக்காது, மேலும் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறைகள் பிற்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பதை மத்திய இந்தியாவில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். முதியவர்களுக்குத் தாக உணர்வும் குறைவு. சிக்கனம் என்ற பெயரில் அவர்கள் ஏற்கும் ஆபத்து வீட்டுக் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை.

ஆகவே குளிர்சாதனத்தின் எண்ணை வைப்பதைச் சில்லறை விஷயமாக நான் இனியும் கருதவில்லை.

நம்மில் பலரிடம் வேரூன்றிய ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைய வேண்டும். ரிமோட்டில் உள்ள வெப்பநிலை எண்ணை நாம் மின்விசிறியின் ரெகுலேட்டரைப் போல, வேகத்தைக் கூட்டும் திருகாக நினைக்கிறோம். வெயிலிலிருந்து வந்தவுடன் 16 வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்று நம்புகிறோம். உண்மையில் அந்த எண் இயந்திரத்துக்குச் சொல்வது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை மட்டுமே. உள்ளே ஒரு சிறிய உணரி, அறையிலிருந்து உறிஞ்சப்படும் காற்றின் வெப்பத்தை அளந்துகொண்டே இருக்கிறது. பழைய வகை இயந்திரத்தில், நாம் சொன்ன எண்ணை எட்டும்வரை கம்ப்ரஸர் முழு விசையுடன் ஓடும், எட்டியதும் நின்றுவிடும். 24 வைத்தாலும் 16 வைத்தாலும் ஓடும் விசை ஒன்றே. இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரஸர் வேகத்தை மாற்றிக்கொள்ளும். ஆனாலும் அறை நன்கு சூடாக இருக்கும் தொடக்கத்தில் அதுவும் ஏறத்தாழ முழு வேகத்தில்தான் ஓடும். 16 வைப்பதால் முதல் பத்து நிமிடத்தில் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதன்பின் கம்ப்ரஸர் ஓய்வு பெறாது, மீட்டரும் ஓய்வு பெறாது.

வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, அதாவது நட்சத்திரக் குறியீடு வழங்கும் அமைப்பு, கூறிவரும் கணக்கு. வீட்டுக்கு வீடு இது சற்றே மாறும். 18க்கும் 24க்கும் இடையே ஆறு டிகிரி என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு இன்னொரு கணக்கும் பழக்கமானதே. இயந்திரத்தில் ஒட்டியுள்ள நட்சத்திர அட்டையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அது ஆண்டில் 1600 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டு கணக்கிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். உங்கள் அட்டையில் 1000 என்று இருப்பதாகவும், யூனிட் 8 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், பத்தாண்டில் 80,000 ரூபாய். 40,000 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு அதைப்போல் இருமடங்கு ஓட்டச் செலவு. தவணைக் கடனில் வட்டி அரை விழுக்காடு கூடினால் கடைக்காரரிடம் வாதாடுகிறோம். ஒரு பொத்தானை ஆறு முறை அழுத்தினால் வரும் வேறுபாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எத்தனை யூனிட்டைத் தாண்டினோம் என்பதைப் பொறுத்து யூனிட்டின் விலையே ஏறும் கட்டண முறை உள்ள மாநிலங்களில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது.

அரசு இதை அறியாமல் இல்லை. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து, நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிர்சாதனங்கள் தொழிற்சாலையிலேயே 24 டிகிரி இயல்பு அமைவுடன் வர வேண்டும் என்பது விதி. நல்ல விதி. மனிதர்கள் எதையும் தொடாமல் விடுவார்கள் என்ற உண்மையை அறிந்து எழுதப்பட்டது. ஆனால் பொருத்த வருபவரின் கட்டைவிரல் அதை முதல் நாளிலேயே கலைத்துவிடுகிறது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர், குளிர்சாதனங்கள் 20க்குக் கீழும் 28க்கு மேலும் செல்லாதவாறு வரம்பு கொண்டுவரப்போவதாக அறிவித்தபோது பலர் கொதித்தார்கள். என் வீட்டுப் படுக்கையறைக்கு எத்தனை டிகிரி என்பதை அரசா முடிவு செய்வது என்றார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் வீட்டு எண்ணை இரண்டு ஆண்டுகள் நானா முடிவு செய்தேன்? வந்துபோன ஒரு தொழிலாளியின் செயல்விளக்கம் அல்லவா முடிவு செய்தது!

புதிய கருவி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அமெரிக்காவில் மையச் சூடேற்றியையும் குளிரூட்டியையும் கட்டுப்படுத்தச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். எந்த மணிக்கு எத்தனை டிகிரி என்று முன்கூட்டியே அட்டவணை இடக்கூடிய தெர்மோஸ்டாட்டுகளுக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் என்னும் சேமிப்பு முத்திரை வழங்கிவந்தது. 2009 இறுதியுடன் அதை நிறுத்திவிட்டது. கருவியில் கோளாறு இல்லை. எதிர்பார்த்த சேமிப்பு வீடுகளில் உறுதிப்படவில்லை. வாங்கியவர்கள் பலர் அட்டவணையை இடவே இல்லை. இட்டவர்களிலும் பலர் அதைப் புறக்கணித்து ஒரே எண்ணில் நிறுத்திவைத்தார்கள். எங்கள் வீட்டுக் கதையேதான், கடல் கடந்து.

இந்திய வீடுகளில் அப்படியொரு பெட்டி சுவரில் இல்லை. ஆனால் அது செய்யும் வேலையில் பெரும்பகுதியை நம் ரிமோட்டே செய்யும். நாம் அதற்கும் சேர்த்தே பணம் கொடுத்திருக்கிறோம். பிறை நிலா வரைந்த பொத்தான் உறக்க அமைவு. பல இயந்திரங்களில் அது முதல் இரண்டு மணி நேரத்தில் மணிக்கு ஒரு டிகிரி வீதம் வெப்பநிலையை உயர்த்தும். பின்னிரவில் நம் உடலின் வெப்பமே தாழ்ந்துவிடுவதால் பத்து மணிக்கு இதமாக இருந்த குளிர் நான்கு மணிக்கு உறைக்கிறது. போர்வையைத் தேடுவது அதனால்தான். கடிகாரம் வரைந்த பொத்தான் நேர அமைவு. விடியற்காலை ஐந்து மணிக்கு அணையும்படி வைத்தால், சுவர்களும் மெத்தையும் தேக்கிய குளிர் எழுந்திருக்கும்வரை தாங்கும். நாங்கள் 25 டிகிரியுடன் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டோம். முதல் இரவு சற்றுப் புழுக்கமாகத் தோன்றியது. மூன்றாம் இரவில் மறந்துபோனோம். அந்த மாதப் பட்டியலைக் கண்டு வீட்டில் ஒரு சிறு மௌனம் நிலவியது. கடந்த இரண்டு கோடைகளின் பட்டியல்களை எல்லாரும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. உணரி இருப்பது சுவரின் உச்சியில், உட்பெட்டிக்குள். சூடான காற்று மேலே தங்குவதால், கட்டிலில் இருப்பதைவிட அங்கே வெப்பம் கூடுதலாக இருக்கலாம். திரைச்சீலையோ அலமாரியோ காற்றை மறித்தால் உணரி ஏமாறும். சில ரிமோட்டுகளுக்குள்ளேயே ஓர் உணரி உண்டு. அந்த அமைவை இயக்கிவிட்டு ரிமோட்டைக் கட்டிலருகே வைத்தால் நாம் இருக்கும் இடத்தின் வெப்பமே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே என் 25 உங்கள் அறைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஒரு சாதாரண அறை வெப்பமானியைத் தலையணையருகே இரண்டு இரவு வைத்துப் பாருங்கள்.

நேர அமைவுக்கு வேறொரு பயனும் வந்துகொண்டிருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட இல்லங்களுக்கும் நேரத்துக்கேற்ற கட்டணத்தைக் கொண்டுவர வழிசெய்துள்ளன. சூரிய ஒளி மின்சாரம் மிகுந்த பகல் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 விழுக்காடு குறையலாம். தேவை உச்சத்தில் உள்ள நேரத்தில் அதே அளவு கூடலாம். மணி நேரங்களை முடிவு செய்வது அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம். உங்கள் பட்டியலில் இந்தப் பிரிவு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால், வீட்டில் இருக்கும் முதியவர் மதியம் குளிர்சாதனம் போடுவதே நாளின் மலிவான பயன்பாடாக இருக்கக்கூடும்.

தாயாரின் அறைக்கு வருகிறேன். அங்கிருந்தது வைஃபையுடன் இணையும் வகை. கைபேசிச் செயலியில் வார அட்டவணை இடலாம். இணைப்பதற்கே எனக்கு அரை நாள் பிடித்தது. இத்தகைய இயந்திரங்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். எங்கள் கைபேசி 5இல் இருந்தது. பொருத்த வந்தவர் இதைச் செய்து கொடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை வீடுகள் என்று இலக்கு. அட்டவணை இடுவதற்குக் கூலி கிடையாது. குறை அவருடையது அன்று. விற்பனையகங்கள் 'இலவசப் பொருத்துதல்' என்று விளம்பரப்படுத்துவதில், வீட்டாரின் வழக்கத்தைக் கேட்டு எண்ணையும் நேரத்தையும் வைத்துக் கொடுப்பதும் அடங்க வேண்டும். அதுவரை கையொப்பமிடுமுன் நாமே கேட்க வேண்டும்: இதை 24க்கு மாற்றுங்கள், உறக்க அமைவையும் நேர அமைவையும் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒருமுறை காட்டுங்கள் என்று. கால் மணி நேரம் ஆகும்.

மதியம் ஒன்று முதல் ஐந்து வரை, 27 டிகிரி என்று அட்டவணை இட்டேன். முதல் நாள் அது இயங்கவில்லை. தாயார் வழக்கம்போல் ஸ்டெபிலைசரின் சுவிட்சையே அணைத்திருந்தார். செயலியால் அதை என்ன செய்ய முடியும்? மாலையில் அவருடைய பழைய வரவுசெலவுக் குறிப்பேட்டை எடுத்து, இரண்டு அறைகளின் கணக்கையும் அருகருகே எழுதிக் காட்டினேன். 18இல் இரவெல்லாம் ஓடிய எங்கள் அறை ஒருபுறம், 27இல் நான்கு மணி நேரம் ஓடும் அவருடைய அறை மறுபுறம். நெடுநேரம் பார்த்துவிட்டு, கூட்டலைத் தாமே மறுபடி போட்டுச் சரிபார்த்தார்.

இப்போது நாள்தோறும் காலையில் மீட்டர் எண்ணை அந்தக் குறிப்பேட்டில் அவரே எழுதுகிறார். சென்ற வாரம் ஒரு திருத்தம் சொன்னார்: மாடிச்சுவர் பன்னிரண்டுக்கே சுடத் தொடங்கிவிடுகிறதாம், ஒரு மணிவரை காத்திருக்க முடியவில்லையாம். அட்டவணையைப் பன்னிரண்டுக்கு மாற்றிவைத்தேன்.