"இன்ஜின் நல்லா இருக்கா தம்பி?"



மெக்கானிக்கல் படிக்கிறவன் ஊரில் ஒரு வேலையிலிருந்து தப்பவே முடியாது. "பழைய வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நீ படிக்கிற புள்ளதானே, வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லு" என்று யாராவது வந்து நிற்பார்கள். முதல் வருஷம், ஒர்க் ஷாப்பில் அரத்தைப் பிடித்து இரும்பை ராவிக்கொண்டிருப்பவனைக் கூட விடுவதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான் என்பதால், என்னை இன்ஜினைக் கண்டுபிடித்தவன் மாதிரியே கூட்டிப் போவார்கள்.

அப்படித்தான் என் சித்தப்பா கூட்டிப் போனார். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர். சொந்தமாக ஒரு செகண்ட் ஹேண்ட் மினி லாரி வாங்கலாம் என்று முடிவு பண்ணினார். வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். விலை ஒண்ணே முக்கால் லட்சம். அதில் பாதி சித்தியின் செயினை அடகு வைத்தது. நான் அப்போது இரண்டாம் வருஷம். பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜின் பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. ஆயில் ராடை இழுத்துப் பார்த்தேன், புது ஆயில். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. "நல்லா இருக்கு சித்தப்பா" என்றேன்.

இருபத்திரண்டாம் நாள் மலையேற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஹெட் கேஸ்கட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து டீ மாதிரி ஆகிவிட்டது. ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் முகம் தட்டி, பேரிங் மாற்றி, எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டாயிரம். அப்போதுதான் பட்டறை அண்ணன் சொன்னார்: "இந்த மாடலுக்கு ஹெட் கேஸ்கட்தான் வீக்னெஸ் தம்பி. ஸ்டாண்டுல எவனைக் கேட்டாலும் சொல்லிருப்பானே!"

எவனையும் நான் கேட்கவில்லை. நாங்கள் போனபோதே இன்ஜின் சூடாக இருந்ததைக் கவனித்தேன். ஏன் சூடாக இருக்கிறது என்றும் கேட்கவில்லை. குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணியிருந்தால் குமிழ் வந்து காட்டிக் கொடுத்திருக்கும். இதெல்லாம் இப்போது தெரியும்.

இந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் போர்ஷே காரின் கதையைப் படித்தேன். நாம் யாரும் வாங்கப் போகிற வண்டி இல்லை, சிரிக்காதீர்கள். ஆனால் "ஊரறிந்த குறை" என்ற விஷயத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 1996ல் பாக்ஸ்டர், 1997ல் புது 911 (இதற்கு 996 என்று பெயர்) இரண்டையும் கொண்டு வந்தது. அதுவரை 911 காற்றால் குளிரும் இன்ஜின். இவை தண்ணீரால் குளிர்பவை, படுக்கை வசத்தில் ஆறு சிலிண்டர். கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே ஒரு இடைத்தண்டு ஓடுகிறது. கிராங்கிலிருந்து செயினில் சுழற்சியை வாங்கி, இரண்டு பக்கமும் உள்ள கேம் ஷாஃப்டுகளுக்கு வேறு செயின்களில் கொடுப்பது அதன் வேலை. அந்தத் தண்டின் ஒரு முனையை, அதாவது ஃபிளைவீல் பக்கத்து முனையைத் தாங்குவது ஒரு சாதாரண பால் பேரிங். நம் ஒர்க் ஷாப்பில் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தோமே, அதே இனம்தான். உள்ளே கிரீஸ் அடைத்து இருபுறமும் சீல் போட்டது.

கோளாறு அங்கேதான். பேரிங் இருப்பது ஆயில் தெறிக்கிற இடம். ஆனால் அதற்கு ஆயில் கொடுக்கவில்லை, கிரீஸை நம்பி விட்டார்கள். வருஷம் போகப் போக சூட்டில் சீல் கெட்டி தட்டுகிறது. ஆயில் மெதுவாக உள்ளே கசிந்து கிரீஸைக் கரைக்கிறது. போன ஆயில் சுற்றி வருவதுமில்லை, அங்கேயே தேங்கிக் கெடுகிறது. பிறகு குண்டுகள் தேய்ந்து, தண்டு ஆடி, செயின் தொய்ந்து டைமிங் தாண்டுகிறது. வால்வு பிஸ்டனில் மோதினால் மொத்த இன்ஜினும் காலி. ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற பேரிங்குக்காக!

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கம்பெனி அதே காலத்தில் செய்த 911 டர்போவிலும் ஜிடி3யிலும் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் இன்ஜின் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழி வந்த பழைய அமைப்பு. அதில் இடைத்தண்டு ஆயில் அழுத்தம் வருகிற பிளெய்ன் பேரிங்கில் ஓடுகிறது. தெரியாமல் செய்த தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆரம்ப வண்டிகளில் பேரிங் இரட்டை வரிசை. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள், அதுதான் அதிகம் போனது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு 2013ல் சமரசம் ஆனது. ஒற்றை வரிசையில் நூற்றுக்குச் சுமார் எட்டு, இரட்டையில் ஒன்றுக்கும் குறைவு என்பதுதான் அந்த வழக்கையொட்டிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2006 வாக்கில் பெரிய பேரிங் போட்டார்கள். 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்த இடைத்தண்டே இல்லை.

நூற்றுக்கு எட்டுதானே என்று விற்கிறவன் சொல்வான். கம்பெனிக்கு அது எட்டு. அந்த எட்டில் ஒருவனாக மாட்டிக்கொண்டவனுக்கு நூற்றுக்கு நூறு.

அதற்காக "அந்த வண்டிப் பக்கமே போகாதே" என்று சொல்கிற கட்சியிலும் நான் இல்லை. ஹாஸ்டலில் இதைப் பேசியபோது நண்பர்கள் பலர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். குறை தெரிந்தும் வாங்குகிறவன் மடையன் என்றார்கள். நான் கேட்கிறேன், குறை இல்லாத இன்ஜின் எது? போர்ஷேயின் குறைக்கு முகவரி இருக்கிறது. எந்த வருஷம், எந்தப் பேரிங், என்ன அறிகுறி, என்ன வைத்தியம் எல்லாம் தெரியும். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்து உள்ளே உலோகத் துகள் மினுக்குகிறதா என்று பார்க்கலாம். ஏற்கனவே பேரிங் மாற்றியிருந்தால் எப்போது, எது போட்டது என்று பில் கேட்கலாம். மாற்றவில்லை என்றால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்து மாற்றலாம். எப்படியும் கியர்பாக்ஸையும் ஃபிளைவீலையும் இறக்கித்தானே ஆகவேண்டும்? சீல் இல்லாமல் ஆயில் படுகிற, பீங்கான் குண்டு போட்ட பேரிங் வெளியே கிடைக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். (2006 முதல் 2008 வரை உள்ள பெரிய பேரிங்கை மட்டும் இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் எடுக்க முடியாது.) இன்னொன்று, ஓட்டாமல் கொட்டகையில் பூட்டி வைத்த வண்டிதான் அதிகம் கெடுகிறது என்கிறார்கள் இதில் அனுபவப்பட்டவர்கள். "கிலோமீட்டர் கம்மி சார்" என்பதைக் கேட்டு மயங்குகிற நமக்கு இது தலைகீழ்ப் பாடம்!

ஆக என் கோபம் குறையின் மேல் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இன்ஜினைக் கழுவித் துடைக்கிறவன் மேல். அதைவிட, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறவன் மேல். சித்தப்பாவை ஏமாற்றியது விற்றவன் பாதி, நான் பாதி. விற்றவனின் பேச்சை அவர் நம்பவே இல்லை. என் பேச்சைத்தான் நம்பினார்.

நம்மில் பலருக்கும் இதே நிலைமை வரும். பாலிடெக்னிக் அடையாள அட்டை இருக்கிறது என்பதற்காகவே நம் வாயிலிருந்து வருகிற "நல்லா இருக்கு" என்ற இரண்டு வார்த்தையை வைத்து ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கும். அந்த இரண்டு வார்த்தையை நாம் சொல்லவே கூடாது என்பது என் கட்சி. இதைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை, இது எனக்குத் தெரியாது என்று மூன்றாகப் பிரித்து, முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். மதிப்புக் குறையும்தான்.

போன மாதம் எங்கள் தெரு மாமா ஒருவர் கூப்பிட்டார். அதே மாதிரி பழைய வண்டி. "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொல்லி வைங்க மாமா" என்றேன். காலை ஆறு மணிக்குப் போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டேன், குமிழ் வரவில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் சுத்தம். "ஹெட் கேஸ்கட் இப்போதைக்குச் சரியா இருக்கு மாமா. கியர்பாக்ஸ் பத்தி எனக்குத் தெரியாது. டிஃபரன்ஷியல்ல ஒரு சத்தம் வருது, அது என்னன்னும் தெரியல, பட்டறை அண்ணனைக் கூட்டி வந்து காட்டுங்க" என்றேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூணு வருஷமா என்னதான்டா படிக்கிற?" என்றார். அந்த வண்டியை அவர் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொன்று வாங்கினார். அதைப் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை.