முதற்படியில் தமிழ் வேண்டும்

பள்ளிக் கணினிகள் ஒவ்வொன்றிலும் மென்பொருள்களைத் தனித்தனியே நிறுவுவது நெடும்பணியாகும். ஆதலால், ஒரு கணினியை முழுமையாக ஆயத்தம் செய்து, அதன் வன்தட்டை அப்படியே பிற கணினிகளுக்குப் படியெடுப்பர். கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்கும் குனு/லினக்ஸ் இயங்குதளம் கட்டற்ற மென்பொருள். அதனைப் படியெடுக்க உரிமக் கட்டணம் இல்லை.

ஆயினும், இம்முறை நிறைகளோடு குறைகளையும் பெருக்கும். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முதல் வன்தட்டில் அமைக்கப்படவில்லையெனில், ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் அஃது இல்லாது போகும். சித்தூரிலும் மூணாற்றிலும் தமிழ் பயிலும் மாணவர், தம் கட்டுரையைத் தம் மொழியில் தட்டச்சுச் செய்ய இயலாது.

முப்பது கணினிகளைப் பின்னர்த் திருத்துவதினும் ஒன்றை முன்னரே சோதிப்பது எளிது. எனவே, படியெடுக்குமுன் முதற் கணினியில் ஒரு தமிழ்த் தொடரையேனும் தட்டச்சுச் செய்து பார்த்தல் வேண்டும். மாணவர்களே, அச்சோதனையைச் செய்ய நீங்களே முன்வாருங்கள்.