நான் போடாத ஆம்ப்ளிஃபயர்

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். எங்கள் தெருவில் கரண்ட் போய் வந்தது. குரோம்பேட்டைக்காரர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. ஆனால் கரண்ட் வந்த அரை நிமிஷத்தில் எங்கள் கூடத்தில் ஒரு ஆள் முழுத் தொண்டையில் தங்கம் விலை சொல்ல ஆரம்பித்தார். ஸ்டென்ட் வைத்த என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க, உள்ளே யாரோ வந்துட்டாங்க" என்றாள். வந்தது ஆளில்லை, ஆம்ப்ளிஃபயர். முந்தின நாள் சாயந்திரம் கச்சேரி கேட்ட சத்தத்திலேயே அது எழுந்துகொண்டிருக்கிறது.

மாட்டிக் கொடுத்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், எல்லாம் ஆட்டோவிலே போட்டு வச்சிருக்கேன். உங்களுக்கு வசதிதானே" என்றான். என் வீட்டில் எனக்கு எது வசதி என்பதை என்னைக் கேட்காமல் முடிவு செய்ததுதான் எனக்குக் கோபம்.

நடந்தது இதுதான். எச்.டி.எம்.ஐ. கேபிளில் 19 முனைகள். 13ஆவது முனை படத்துக்கும் இல்லை, பாட்டுக்கும் இல்லை. பெட்டிகள் ஒன்றுக்கொன்று கட்டளை சொல்லிக்கொள்ள. அதற்கு சி.இ.சி. என்று பெயர். கரண்ட் வந்ததும் செட்டாப் பாக்ஸ் தானாக உயிர் பெற்று, "நான் வந்துவிட்டேன்" என்று டி.வி.யை எழுப்பியது. டி.வி. ஆம்ப்ளிஃபயரை எழுப்பியது. தூங்கிக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான். சரி, அணைத்துவிடலாம் என்று டி.வி. மெனுவில் தேடினால் சி.இ.சி. என்ற பெயரையே காணோம். ஒரு கம்பெனி அனிநெட் என்கிறது, இன்னொன்று சிம்ப்ளிங்க், மற்றொன்று பிராவியா சிங்க். எழுபது வயதுக்கு மேல் ஒருவன் இந்தப் புனைபெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமாம்.

தானாக ஆன் ஆவதற்கே நான் விரோதி இல்லை. எண்பதுகளில் பர்மா பஜாரில் வாங்கிய என் பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இரண்டு பிளக் பாயின்ட் இருந்தது. ஒன்றில் 'ஸ்விட்ச்ட்' என்று எழுதியிருக்கும். டேப் டெக்கையும் ட்யூனரையும் அதில் சொருகிவிட்டால், ஆம்ப்ளிஃபயரின் பெரிய பொத்தானை அமுக்கியதும் எல்லாம் எரியும். அமுக்கினால் எல்லாம் அணையும். சங்கிலி என் விரலில் ஆரம்பித்து என் விரலில் முடிந்தது. இன்று சங்கிலியின் தலைப்பக்கம் கேபிள்காரர் தந்த பெட்டியிடம் போய்விட்டது. என் சண்டை இந்த ஒன்றுக்காகத்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். இந்த நிலைக்குப் பிரெஞ்சில் 'வேய்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கண்விழித்திருப்பது என்று அர்த்தம். நாம் ஸ்டாண்ட்பை என்று சொல்லி, பெட்டி உறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். பிரெஞ்சுக்காரன் உண்மையைச் சொல்லிவிட்டான். அங்கே பென்ஷன் வாங்கும் உறவினர் ஒருவர் வீட்டில் 'பெரிடெல்' சாக்கெட் வைத்த டி.வி. பார்த்திருக்கிறேன். அதில் 8ஆவது முனையில் வோல்டேஜ் வந்தால் டி.வி. தானே வி.சி.ஆர். படத்துக்கு மாறும். ஆனால் வி.சி.ஆரை யாராவது கையால் போட்டால்தான் அந்த வோல்டேஜ் வரும்.

கண்விழித்திருக்கும் பெட்டி சும்மா இருக்குமா? மற்ற பெட்டிகளின் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டு பத்து வாட் தின்கிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. 100 யூனிட் இலவசத்தில் ஏழில் ஒரு பங்கு, யாரும் கேட்காத பாட்டுக்கு. 500ஐ ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் சும்மா இருக்கும் பெட்டிக்கு 2013 முதல் அரை வாட் என்று வரம்பு வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் விளைவு இன்னொரு தொல்லை: சத்தம் குறைந்தால் தானாக அணைவது. என் சப்வூஃபர், வீணைக் கச்சேரியில் ஆலாபனை நீண்டால், ஆள் இல்லை என்று நினைத்துத் தூங்கிவிடுகிறது. மிருதங்கம் ஆரம்பித்த பிறகு விழித்துக்கொள்ளும், முதல் ஆவர்த்தனம் போன பின்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து பிளாக்கில் ஒரு நண்பருக்குக் கை நடுக்கம். மூன்று ரிமோட் அவரால் ஆகாது. ஒரே பொத்தானில் எல்லாம் எழுவது அவருக்கு வரப்பிரசாதம். அவருக்கு இருக்கட்டும், கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கடையிலிருந்து வரும்போது அது அணைந்தே வர வேண்டும். ஆன் ஆகும்போது பழைய வால்யூமில் இல்லாமல் தாழ்ந்த சத்தத்தில் ஆரம்பிக்க வேண்டும். பல ஆம்ப்ளிஃபயர்களில் இதற்கு வசதி உண்டு, மெனுவின் அடியாழத்தில். விலை உயர்ந்தவற்றில் 12 வோல்ட் டிரிகர் என்று தனி ஒயரும் உண்டு. எது எதை எழுப்பலாம் என்பதை நாமே ஒயர் போட்டுத் தீர்மானிக்கலாம். விலை குறைந்ததில் ஏன் இல்லை? சில ரூபாய் சமாச்சாரம்.

இப்போதைக்கு ரிச்சி தெருவில் ஆளுக்கொரு ஸ்விட்ச் உள்ள ஸ்ட்ரிப் போர்டு வாங்கிவந்து மாட்டியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போடுவேன், முதலில் அணைப்பேன். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் 'டொப்' என்று உதைக்கும். போன வாரம் பேரன் வந்தவன், "ஏன் தாத்தா இத்தனை ஸ்விட்ச்?" என்று கேட்டுவிட்டு மெனுவில் எதையோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். எதை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.